படித்த நூலுக்கே திரும்பிப் போவது

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், என் பழைய மாணவர், சென்ற மாதம் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். காட்பாடியில் ரயிலேறிப் புத்தகத்தைப் பிரித்தால் பச்சகுப்பம் தாண்டும் வரை கண்ணை எடுக்காதவர் அவர். ஆனால் எப்போது பார்த்தாலும் அவர் பையில் இருப்பவை அதே ஏழெட்டுப் புத்தகங்கள்தாம். ஒவ்வொன்றையும் நான்கைந்து முறை படித்தாயிற்று. புத்தகக் கண்காட்சியில் ஆசையாக வாங்கியவையோ மேலுறை கூடப் பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடக்கின்றன. “இது சோம்பல்தானா ஐயா? முடிவு தெரிந்த கதையில் மறுபடியும் என்ன இன்பம் இருக்க முடியும்? சில நாள், துயரமான கடைசிப் பகுதிக்கு வருமுன்பே மூடி வைத்துவிடுகிறேன். அதற்குப் படிப்பு என்று பெயர் உண்டா?” என்றார். ரயில் நிலையத்தில் நின்றபடியே சொல்லி முடிக்கக்கூடியதாக அதற்கான பதில் இல்லை. முப்பது ஆண்டுக் காலம் அதே பாடங்களை ஆண்டுதோறும் நடத்தி ஓய்வு பெற்ற தமிழாசிரியன் என்ற உரிமையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சோம்பலா என்பதற்குத் திருவள்ளுவரிடமிருந்தே தொடங்கலாம்.

நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும்
பண்புடை யாளர் தொடர்பு

என்ற 783ஆம் குறளை நட்பைப் பற்றியதாக மட்டுமே பள்ளியில் நடத்துவோம். நானும் அப்படித்தான் நடத்தினேன். ஆனால் உவமை எது, பொருள் எது என்று ஒரு கணம் நின்று பாருங்கள். தெரியாத ஒன்றை விளக்குவதற்குத் தெரிந்த ஒன்றைக் காட்டுவதே உவமையின் வேலை. பண்புடையாரின் நட்பு பழகப் பழக இனிக்கும் என்பதுதான் இங்கே சொல்லவந்த செய்தி. நல்ல நூல் படிக்கப் படிக்க இனிக்கும் என்பது, கேட்பவர் முன்பே அனுபவித்து அறிந்ததாக வள்ளுவர் எடுத்துக்கொண்ட செய்தி. மறுவாசிப்பின் இன்பத்துக்கு அவர் சான்று தேடவில்லை. அதையே சான்றாக நிறுத்தி வேறொன்றை விளக்குகிறார். காமத்துப்பாலில், “அறிதோ றறியாமை கண்டற்றால்” என்று தொடங்கும் 1110ஆம் குறளிலும் இதே முறைதான். ஒன்றைப் புதிதாக அறியும்தோறும் முன்பிருந்த அறியாமை தெரியவருவதைப் போல, காதலியைக் கூடும்தோறும் காதல் இன்பம் புதிதாகிறது என்கிறார். முன்னது இனிப்பை மட்டும் சொல்கிறது. பின்னது அந்த இனிப்போடு கலந்து வரும் சிறு வெட்கத்தையும் சொல்கிறது. பிடித்த நூலை மூன்றாம் முறை படிக்கையில் ‘இத்தனை நாள் இது நம் கண்ணில் படாமலே போயிற்றே’ என்று நாக்கைக் கடித்துக்கொள்ளாதவர் உண்டா?

முடிவு தெரிந்த கதையில் என்ன இன்பம் என்ற கேள்வி, வட ஆற்காட்டில் பிறந்த ஒருவருக்கு எழவே கூடாத கேள்வி என்பேன். நம் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் வைக்கிறார்கள். பகலெல்லாம் பிரசங்கியார் வில்லிபாரதப் பாடல்களைப் பாடிப் பொருள் சொல்கிறார். இரவெல்லாம் கூத்து நடக்கிறது. அருச்சுனன் தபசுக்கு மரம் ஏறுகிறான். கடைசி நாள் காலையில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் படுகளம், மாலையில் தீமிதி. வில்லிபுத்தூராரின் நூல் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டு பதினெட்டாம் நாள் போரோடு முடிவது என்பதை அறியாதவரும், கர்ணன் எப்படிச் சாவான் என்பதை அறிவார். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கும் கதையில் புதிது என்று எதுவும் இல்லை. ஆனாலும் கைக்குழந்தையும் கோரைப்பாயுமாக வந்து, விடியும் வரை இருந்து பார்க்கிறார்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, எங்கள் ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்து கர்ண மோட்சம் பார்த்தேன். போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிற இடம். பிறப்பைச் சொல்லி அவனைப் பழித்துக்கொண்டிருந்தவள் அவள். இருவருக்கும் தர்க்கம் நடக்கிறது, கட்டியக்காரன் இடையில் புகுந்து ஏதோ சொல்ல, கூட்டமே சிரிக்கிறது, நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் ஆயா அழுதுகொண்டிருந்தார். “இன்னும் அவன் சாவவே இல்லியே, இப்பவே ஏன் அழுவுற?” என்று கேட்டேன். “அவன் திரும்ப மாட்டான்னு எனுக்குத் தெரியும்டா. பாவம், அவளுக்குத் தெரியாதே” என்றார்.

எழுத்தறியாத அந்த மூதாட்டி சொன்னதைவிடத் தெளிவாக மறுவாசிப்பை விளக்க என்னால் இயலாது. முதல் முறை படிக்கும்போது நாம் பாத்திரங்களோடு கைகோத்து நடக்கிறோம். அவர்களுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. மறுமுறை படிக்கும்போது அவர்களைவிட அதிகம் அறிந்தவர்களாகி விடுகிறோம். அப்போது சாதாரணமான ஒரு பேச்சும் கனக்கத் தொடங்கிவிடுகிறது. ஒரு சிரிப்பும் வேறு விதமாகக் கேட்கிறது. அடுத்து என்ன என்ற பதற்றம் போன பிறகு காதும் கண்ணும் ஓய்வு பெற்று, சொல்லப்படும் விதத்தின்மேல் நிற்கின்றன. கூத்துக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆகையால்தான் கதையை மறைத்துவைத்துத் திகைக்க வைக்க அவர்கள் முயல்வதே இல்லை. எந்தக் குரலில், எந்த அடவில், இன்று இந்த வாத்தியார் எப்படிக் கொண்டு வருகிறார் என்பதற்காகவே கூட்டம் விழித்திருக்கிறது.

இதை ஒரு நாவலில் நான் கண்டது மு. வரதராசனின் ‘அகல் விளக்கில்’. மு.வ. நம் மண்ணின் மகன். 1912இல் வாலாசாவுக்கு அருகிலுள்ள வேலத்தைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்து, திருப்பத்தூரில் எழுத்தராகவும் தமிழாசிரியராகவும் இருந்து, பிறகு சென்னை சென்றவர். 1961இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அந்த நாவலில் வேலய்யன் தன் நண்பன் சந்திரனின் கதையைச் சொல்கிறான். அழகும் அறிவும் ஒருங்கே வாய்த்தவன் சந்திரன். பிறகு நிலை தவறிச் சீரழிந்து மடிகிறான். பதினேழு வயதில் அதை நான் படித்தபோது தொடக்க அத்தியாயங்கள் சற்று நீண்டவையாகவே தோன்றின. சந்திரன் என்ன ஆவான் என்று அறியும் அவசரத்தில் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போனேன். இரண்டாம் முறை படித்தபோது, கடைசிப் பகுதியைக் காட்டிலும் அந்தத் தொடக்கமே என்னைத் துன்புறுத்தியது. அவன் அழகைப் பற்றியும் படிப்பைப் பற்றியும் ஊரார் சொல்லும் ஒவ்வொரு பாராட்டையும் ஆயாவின் கண்ணோடுதான் படிக்க முடிந்தது. மூன்றாம் முறை படித்தபோது நான் ஆசிரியனாகி ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. என் வகுப்பின் முதல் பெஞ்சில் அப்படி ஒரு பையன் இருந்தான். அவனைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனமில்லை. அந்த முறைதான், எந்த ஒளியும் வீசாமல் தன் வேலையைச் செய்துகொண்டு போகும் வேலய்யன்மேல் எனக்கு முதன்முதலாக அன்பு உண்டாயிற்று.

முதல் வாசிப்பு எவ்வளவு குருட்டு ஓட்டமாக இருக்கக்கூடும் என்பதற்கு வேடிக்கையான ஒரு சான்றும் என்னிடம் உண்டு. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தபோது, பல வீடுகளைப் போலவே என் பெரியப்பா வீட்டிலும் அதைக் கிழித்துச் சேர்த்து வைத்திருந்து, பிறகு வேலூர் லாங்கு பஜார்ப் பக்கம் ஒருவரிடம் கொடுத்து பைண்டு செய்தார்கள். மணியத்தின் ஓவியங்களும், அத்தியாயம் முடிந்த பக்கத்தின் பின்புறம் பாதியாக நிற்கும் ஒரு தலைவலித் தைல விளம்பரமும், தொடக்கம் இல்லாத ஒரு நகைச்சுவைத் துணுக்கும் அதில் உண்டு. ஒரு மே மாத விடுமுறையில், அக்கினி நட்சத்திர வெயிலில் திண்ணையை விட்டு நகராமல், ஐந்து பாகங்களையும் பத்து நாளில் முடித்தேன். இரண்டு ஆண்டு கழித்து மறுபடி எடுத்தபோதுதான், மூன்றாம் பாகத்தில் அடுத்தடுத்த இரண்டு அத்தியாயங்களை பைண்டர் முன்பின்னாக மாற்றித் தைத்திருப்பதைக் கண்டேன். முதல் முறை அதை நான் உணரவே இல்லை! நடந்து முடிந்த ஒன்றைப் படித்துவிட்டு, அது நடக்கப்போவதைப் பின்னால் படித்து, ஒரு நெருடலும் இல்லாமல் கடந்து போயிருக்கிறேன். பெரியப்பாவிடம் சொன்னேன். “நானும் கவனிக்கலியே” என்றார். அவர் அதற்குள் அந்த நூலை எத்தனை முறை படித்திருந்தார் என்று கேட்கும் துணிவு எனக்கு அன்று இல்லை.

அந்த நாவல் மறுவாசிப்புக்கென்றே செய்தது போன்றது. ஏனென்றால் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லாமலே அது முடிகிறது. முதல் முறை படித்தவருக்கு அது மனக்குறை. திரும்பப் படிப்பவரோ, கடம்பூர் மாளிகையில் ஒவ்வொருவரும் எங்கே நின்றார், யார் கையில் என்ன இருந்தது என்று ஒரு துப்பறிவாளர் போல உட்கார்ந்து விடுகிறார். எனக்கு வேறொரு வாயிலும் திறந்தது. பொன்னை ஆற்றங்கரையில் உள்ள மேல்பாடிக்கு ஒரு முறை மாணவர்களை அழைத்துச் சென்றேன். தம் பாட்டனார் அரிஞ்சயருக்காக இராஜராஜன் எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில், அதாவது மறைந்த அரசரை அடக்கம் செய்த இடத்தில் எழுப்பும் கோயில், அங்கே இருக்கிறது. அதே ஆற்றின் கரையில் இருக்கும் திருவல்லம், வந்தியத்தேவன் பிறந்த வாணர் குலத்தாரின் தலைநகராக இருந்த இடம். அந்தப் பயணத்துக்குப் பிறகு நாவலைப் படித்தபோது, நோயுற்றுக் கட்டிலோடு கிடக்கும் சுந்தர சோழர் வரும் பகுதிகளில் நான் நின்றேன். அதுவரை அவை எனக்கு வந்தியத்தேவன் எப்போது வருவான் என்று காத்திருக்கும் இடைவெளிகளாகவே இருந்தன. மேல்பாடியில் படுத்திருப்பவரின் மகன் இவர் என்ற எண்ணம் வந்ததும் அந்தக் கட்டிலருகே எனக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது. கும்பகோணத்துக்காரருக்கும் சிதம்பரத்துக்காரருக்கும் மட்டுமே அந்த நூலில் ஊர்ப்பாசம் உண்டு என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு தனி மகிழ்ச்சி.

இனி, விரும்பித் திரும்பிய நூல்களை விட்டு, கடமைக்குத் திரும்பிய நூல்களைப் பற்றி ஒரு சொல். ஆசிரியத் தொழிலே சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் மறுவாசிப்புதான். ‘ஒருகுறி கேட்போன் இருகால் கேட்பின் பெருக நூலில் பிழைபா டிலனே’, ‘முக்கால் கேட்பின் முறையறிந் துரைக்கும்’ என்று நன்னூல் சொல்வதை நாங்கள் படித்தே வந்தோம். ஆனால் இரண்டு முறை பிழை நீங்குவதற்கும் மூன்று முறை முறையாக எடுத்துரைப்பதற்கும் கணக்குச் சொன்ன பவணந்தியார், ஐம்பதாம் முறைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஐம்பதாம் முறை பெரும்பாலும் அலுப்புதான், மறைப்பானேன். கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று 192ஆம் பாடலை ஆண்டுக்கு மூன்று பிரிவுகளில் நடத்தி நடத்தி, முதல் அடியை உரக்கச் சொல்லிவிட்டு மற்றவற்றை ஒப்பிப்பவனாக ஆகிவிட்டேன். ஒரு நாள் குடியாத்தம் பக்கத்து நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, “பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே என்று இருக்கிறதே ஐயா, அந்த ‘அதனினும்’ எதற்கு?” என்று கேட்டான். அதற்குமுன் பன்னிரண்டு ஆண்டு அந்தச் சொல் என் வாய் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. என் தலை வழியாக ஒரு முறையும் போகவில்லை. இரண்டையும் செய்யமாட்டோம் என்று சமமாக வைக்காமல், வியத்தலைவிட இகழ்தல் இன்னும் தகாது என்று புலவர் தராசை ஒரு பக்கம் சாய்த்திருக்கிறார். பாட்டு முழுவதும் எனக்கு அன்று புதிதாயிற்று.

அதே பாட்டில், மழைநீர் பெருகி ‘கல்பொருது இரங்கும் மல்லற் பேர்யாற்று’ நீர்வழிப் போகும் புணை வருகிறது. பாலாற்றங்கரைப் பிள்ளைகளுக்கு அதை நடத்துவது எளிதன்று. அவர்கள் கண்ட ஆறு மணலும் முள்செடியும் லாரித் தடமும். இரங்கும் என்றால் ஒலிக்கும் என்று பொருள் எழுதிப்போட்டு நகர்ந்துவிடுவேன். 2021 நவம்பரில் பாலாற்றில் பெரு வெள்ளம் வந்தபோது, ஓய்வு பெற்றுவிட்ட நான் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி மேட்டில் நின்று கேட்டேன். அது முழக்கமாக இல்லை. அடித்தொண்டையிலிருந்து விடாமல் வரும் ஒரு முனகல் போல இருந்தது. வீட்டுக்கு வந்து பாட்டை எடுத்தேன். இரங்குதலுக்கு ஒலித்தல் என்றும் பொருள், வருந்துதல் என்றும் பொருள். இரண்டையும் தாங்கும் அந்த ஒரு சொல்லை ஏன் வைத்தார் என்பதைக் காதால் அறிந்துகொள்ள எனக்கு அறுபது வயதுக்கு மேல் ஆக வேண்டியிருந்தது.

எல்லா நூலும் இப்படி வளரும் என்று நான் சொல்லவில்லை. சில நூல்கள் மறுவாசிப்பில் சுருங்கிப் போகும். இளமையில் விழுந்து விழுந்து படித்த துப்பறியும் கதைகள் பலவற்றை இப்போது எடுத்தால், பூட்டைத் திறந்துவிட்ட சாவியைப் போல அவை கையில் சும்மா கிடக்கின்றன. மு.வ.வின் பாத்திரங்கள் சில இடங்களில் பேசாமல் கட்டுரை வாசிக்கின்றன என்ற குறையும், பதினேழு வயதில் எனக்குத் தோன்றாமல் நாற்பது வயதில் பட்டதுதான். அறுபதில் அந்தக் குறை முழுதும் மறையவில்லை. ஆனால் அந்தக் குரல், மாலை வகுப்பு முடிந்த பிறகும் மாணவனைப் போகவிடாமல் பேசிக்கொண்டிருக்கும் ஓர் ஆசிரியரின் குரல் என்று தெரிந்த பிறகு, எனக்கு எரிச்சல் வருவதில்லை. நானும் அப்படிப் பலரைப் பேருந்தைத் தவறவிடச் செய்திருக்கிறேன். அண்ணன் எழுதுவதாக அமைந்த அவருடைய ‘தம்பிக்கு’ என்ற கடித நூலை முதலில் தம்பியாக இருந்து படித்தேன். பிற்காலத்தில் படித்தபோது, பதில் வருமா வராதா என்று தெரியாமல் எழுதிக்கொண்டே இருக்கும் அண்ணனின் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். ஏட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

எழுத்து மாறாமல் இருப்பதால்தான் நம் மாற்றத்தை அதில் அளக்க முடிகிறது. அவருடைய திருக்குறள் தெளிவுரையின் கையடக்கப் பதிப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. அட்டை போய், செய்தித்தாள் போட்டு ஒட்டி, அதுவும் போய், இப்போது ஒரு பழைய நாட்காட்டித் தாளில் நிற்கிறது. கல்லூரிக் காலத்துப் பென்சில் கோடுகள் ஏறக்குறைய எல்லாம் காமத்துப்பாலில். வேலையில் சேர்ந்த பிறகு போட்ட நீல மை, சொல்வன்மையிலும் வினைத்திட்பத்திலும். தலைமையாசிரியரோடு மனத்தாங்கல் இருந்த ஓர் ஆண்டில் சிற்றினம் சேராமையில் ஒரு குறளுக்கு மூன்று கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதியிருக்கிறேன். இப்போது பார்த்தால் சிரிப்பு வருகிறது. உங்களுக்கும் நான் சொல்லும் ஒரே யோசனை அதுதான்: ஒவ்வொரு முறை முடித்ததும் பின்னட்டையின் உட்புறம் மாதத்தையும் ஆண்டையும் எழுதுங்கள். அடுத்த முறை அந்தத் தேதிகளே உங்களோடு பேசும். இன்னொன்று, நூலை இரவல் கொடுக்கும்போது, நீங்கள் கோடு போட்ட பிரதியை மட்டும் கொடுக்காதீர்கள். அப்படி நான் கொடுத்த ஒன்று திரும்பி வரவே இல்லை. கடையில் அதே நூலைப் புதிதாக வாங்கினேன்; கதை கிடைத்தது, நான் கிடைக்கவில்லை.

பிரிக்காமல் கிடக்கும் புதிய நூல்களைப் பற்றிக் குற்ற உணர்வு வேண்டியதில்லை. இரண்டு பழையதற்கு ஒரு புதியது என்று வைத்துக்கொண்டால், நாளைக்குத் திரும்பிப் படிப்பதற்கும் ஏதாவது சேரும், அவ்வளவே.

கடைசியாக, துயரமான முடிவுக்கு முன்பே மூடி வைப்பது படிப்பாகுமா என்று கேட்டீர்கள். எங்கள் ஊர்ப் பாரதத்தில், பகடைத் துயில் என்னும் சூதும் துகிலுரிதலும் நடக்கும் இரவில், துச்சாதனன் திரௌபதியின் சேலையைப் பிடிக்கக் கை நீட்டும் கட்டம் நெருங்கியதும் எங்கள் ஆயா முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு பாயில் படுத்துவிடுவார். “கிஷ்ணன் சீலை குடுத்ததும் எழுப்பு” என்று என்னிடம் சொல்லி வைப்பார். நானும் எழுப்புவேன். ஆண்டுதோறும் இப்படித்தான். அவர் கூத்துப் பார்க்கவில்லை என்று ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.